மூன்றாம் ஓடைச் சேறு

மா ஜொம்ரே தன் புருஷனின் வாயைப் பதினோரு வருஷம் காவல் காத்தவள். எங்கள் கடலோர ஊர் கல்மொரியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. பாங்கு வாசலில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்பவன்கூட மத்தியானம் கண்ணயர்வான், ஜொம்ரே அயரமாட்டாள் என்பார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் புருஷன் பண்டோங் உட்காருவதற்கு முன்பே அவள் போய் மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவாள். பச்சை மீன் துண்டுகள் அடுக்கிய தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதை எடுத்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாள். அந்த மேசைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நடந்து முடிந்ததை நினைத்தால் அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அவள் காவல் காத்ததற்குக் காரணம் இருந்தது. பண்டோங் ஊர்ப் பேருந்து ஓட்டியவர். அதே தடத்தில் ஓட்டிய மெங் என்பவரும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓர் ஆகஸ்டு மாதம் நாலு பேரோடு சேர்ந்து மெங் படகுத்துறையில் பச்சை மீன் சாப்பிட்டார், சோஜுச் சாராயம் குடித்தார், பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் கால் வலிக்கிறது என்றார். அதற்கு மறுநாள் கால் முழுக்க நாவல்பழ நிறத்தில் கொப்புளங்கள். மூன்றாம் நாள் ஆள் இல்லை. அதே தட்டில் தின்ற மற்ற நாலு பேருக்கும் ஏப்பத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. மெங்குக்கு ஈரல் கெட்டிருந்தது, கடலில் இருக்கும் விப்ரியோ என்ற கிருமிக்கு அப்படிப்பட்ட உடம்புதான் திறந்த வீடு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதே மாதம் பண்டோங்குக்கும் பரிசோதனைத் தாள் வந்தது. ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

அன்று ஜொம்ரே அழவில்லை. இனி ஜென்மத்துக்கும் பச்சை மீன் தொடக்கூடாது, வாக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். பண்டோங் கேலிக்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வதுபோல அவள் சுண்டுவிரலில் தன் சுண்டுவிரலைக் கோத்து, கட்டைவிரலோடு கட்டைவிரலை அழுத்தி முத்திரையும் குத்தினார். "போதுமா? இன்னும் பத்திரம் எழுதணுமா?" என்றார். போதும் என்றாள். ஆனால் காவலை மட்டும் விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் தக் ஊருக்கு வந்தாள். நோய் பார்க்கும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர். மாகாணத்து ஆய்வகம் ஒன்றில் கடல் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பவள். ஐம்பதை நெருங்கும் வயது, ஆண்பிள்ளைக் கிராப்பு, எப்போதும் தூக்கம் போதாத கண்கள். வாராவாரம் விரிகுடாவில் மூன்று இடத்தில் தண்ணீரும் சேறும் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். எங்கள் சேறு லேசுப்பட்டதல்ல, காலை வைத்தால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் உந்தி, வழுக்கிக்கொண்டே போக வேண்டும். மட்டி பொறுக்கும் பெண்களுக்கு மட்டுமே அது கைவந்த வேலை. முதலில் கையைத் தூக்கியவள் ஜொம்ரே. மெங்கைக் கொன்றுவிட்டுத் தன் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு.

வேலையை டாக்டர் தக் ஒருமுறைதான் கற்றுக்கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை தோறும், நீர் வற்றும் நேரத்தில். முதலில் ஸ்பிரிட்டால் இரண்டு கையையும் முழங்கை வரை துடைக்க வேண்டும், நம் கையில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விட்டால் ஆராய்ச்சியே கெட்டுப்போகும். பாட்டிலின் வாயைத் தொடக்கூடாது. நீரோட்டத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். சேற்றை மரக்கரண்டியால் ஒரு விரல்கடை ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஐஸ் வைக்கவே கூடாது. அதுதான் ஜொம்ரேக்குப் புரியவில்லை. மீனுக்கு ஐஸ் வைப்போம், இதுக்கு ஏன் வேண்டாம் என்று கேட்டாள்.

"குளிர்ந்தா அது தூங்கிப்போயிடும். தட்டுல வளர்த்துப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா சாகாது. சூடு வந்ததும் எழுந்து உட்காரும்" என்றாள் டாக்டர் தக்.

ஒருநாள் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். வட்டமான கூழ்த் தட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள், பார்க்க அழகாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து, உங்கள் எமன் பச்சை நிறம், பயறு மாதிரி இருக்கிறான் என்று ஜொம்ரே புருஷனிடம் சொன்னாள். எமனுக்காவது பச்சையாக இருக்கக் கொடுத்துவைத்திருக்கிறது, எனக்கு எல்லாம் வேகவைத்துத்தானே கிடைக்கிறது என்றார் பண்டோங்.

ஒன்பது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவள் தவறவில்லை. மகள் ஹேரனுக்குக் கல்யாணம் ஆகி பூசான் நகரத்துக்குக் குடிபோன வாரத்திலும் பாட்டில்கள் போய்ச்சேர்ந்தன. தண்ணீரின் சூட்டை அளந்து எழுதியவளுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஆரம்பத்தில் ஜூன் மாதம் வரும் பச்சைப் புள்ளி பிறகு மே மாதம் வந்தது, அப்புறம் ஏப்ரலிலேயே வந்தது. முன்பெல்லாம் அக்டோபரில் போனது நவம்பர் பிறந்தும் போகாமல் இருந்தது. மூன்று இடங்களில் மூன்றாம் ஓடைதான் மோசம். மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் அங்கேதான் கடலோடு கலக்கும், அரை உப்பு அதற்குப் பிடித்தமானது. மற்றப் பெண்கள் அங்கே மட்டி நன்றாகக் கொழுத்திருக்கும் என்பார்கள். ஜொம்ரே அந்த இடத்துக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவாள்.

டாக்டர் தக் தேடியது வேறொன்று. கடலில் இருக்கிற விப்ரியோ எல்லாமே ஆளைக் கொல்வதில்லையாம், அதிலும் சிலதுதான் கத்தி வைத்திருக்கிறதாம். எது என்று கண்டுபிடிக்க, செத்தவர்களின் ரத்தத்தில் இருந்த கிருமியைக் கடலில் எடுத்த கிருமியோடு ரேகை பார்ப்பதுபோல ஒப்பிட வேண்டும். ஜொம்ரே கொடுத்ததெல்லாம் தேதியும் இடமும் ஒட்டி உறைபெட்டியில் வரிசையாகக் கிடந்தது. ஒன்பது வருஷத்தில் பத்தொன்பது நோயாளிகளின் ரத்தம் வந்தது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மீன் எங்கோ பிடிக்கப்படுகிறது, எங்கோ தின்னப்படுகிறது, எப்படிப் பொருந்தும்? ஒரே ஒரு ஜோடி கிடைத்தால் போதும் என்று டாக்டர் தக் அடிக்கடி சொல்வாள். கிடைக்கட்டும் டாக்டரம்மா என்று ஜொம்ரேயும் வாழ்த்துவாள். வாய் முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறது, பாருங்கள்.

அந்த வருஷம் சூசொக் பண்டிகை புதன்கிழமை வந்தது. அறுவடை நிலா, ஊருக்கு ஊர் பிள்ளைகள் திரும்பிவரும் நாள். முந்தின நாள் செவ்வாய். ஹேரன் புருஷனோடு காலையிலேயே வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் உட்கார்ந்து அரிசிமாவில் எள்ளும் தேனும் வைத்துப் பிடித்து, பைன் இலை பரப்பி அவித்து அடுக்கினார்கள். வேலை பண்டிகைக்கு நிற்காது என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு ஜொம்ரே பலகையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். செப்டம்பர் கடைசியிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, இருபத்தாறரை டிகிரி என்று எழுதிக்கொண்டாள். காற்று தலைத்துண்டைப் பறித்துக்கொண்டு போனது. மூன்றாம் ஓடையில் கரண்டி நழுவி விழ, கைவிட்டுத் துழாவி எடுத்தாள். முகத்தில் விழுந்த முடியை அந்தக் கையாலேயே பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். திரும்பும்போது ஓடைத் தண்ணீரில் கையை அலசிக்கொண்டாள். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் அலசுவார்கள்.

வீட்டுக்கு வந்தால் பண்டோங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வேர்வை. அவித்த கொழுக்கட்டைகளில் பதினைந்தை யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருந்தார், அது நெஞ்சில் நின்றுவிட்டது. மருந்துக்கடை பண்டிகைக்குப் பூட்டு. மாப்பிள்ளை காரை எடுக்கட்டுமா என்றார்.

"இதுக்கெல்லாம் காரா? ஊசி குத்துனா சரியாயிரும்" என்றாள் ஜொம்ரே.

எங்கள் பக்கத்தில் அஜீரணத்துக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். பாட்டில் பெட்டியைக் கீழே வைத்தவள் வைத்தபடியே உட்கார்ந்தாள். அவர் முதுகை ஓங்கித் தட்டினாள், தோளிலிருந்து கைவரை ரத்தத்தைக் கீழே இறக்குவதுபோலத் தேய்த்துக்கொண்டே வந்தாள், இடது கட்டைவிரலை நூலால் இறுகச் சுற்றினாள். தையல் டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து, அவள் அம்மா செய்தபடி, அம்மாவுக்கு அவள் அம்மா காட்டியபடி, தலைமுடிக்குள் விட்டு இரண்டு தரம் தேய்த்தாள். முடியின் எண்ணெயில் ஊசி சுத்தமாகும், வலிக்காமல் இறங்கும் என்று சொல்வார்கள். நகத்துக்குக் கீழே ஒரே குத்து. கறுப்பாக ஒரு சொட்டு வந்தது.

"பார்த்தியா, கெட்ட ரத்தம்" என்று மகளிடம் காட்டினாள். பண்டோங் பெரிய ஏப்பமாக ஒன்று விட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முகத்தில் ரத்தம் ஏறி, ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, மீதிக் கொழுக்கட்டை எங்கே என்று கேட்டார். ஜொம்ரே பாட்டில்களை வழக்கம்போல ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை முன்னோருக்குப் படையல். பழமும் பொரித்த மீனும் புது அரிசிச் சோறும் வரிசையாக வைத்து, பண்டோங்தான் மது ஊற்றிக் கும்பிட வேண்டும். அவர் பட்டுச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தவர் இடது கையால் பிடிக்க முடியாமல் மேசைமேல் சிந்தினார். கை மணிக்கட்டு வரை வீங்கிப் பளபளத்தது. நூலைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று ஜொம்ரே மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். தரையில் நெற்றி படக் குனிந்த பண்டோங் உடனே எழவில்லை. முன்னோர்களிடம் ரொம்ப நேரமாக ஏதோ கேட்கிறார் என்று மாப்பிள்ளை தமாஷாகச் சொன்னார். தூக்கி நிமிர்த்தியபோது உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டைக் கையை மடக்கிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு கொப்புளம் இருந்தது.

அந்த நிறத்தை அவள் பதினோரு வருஷம் முன்பு பார்த்திருக்கிறாள். காரை எடுங்கள் என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினாள்.

கல்லறைகளுக்குப் போகும் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. முக்கால் மணியில் போகிற நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பார்த்ததுமே என்னவென்று புரிந்துகொண்டார். ஊசி மருந்துகளை ஏற்றச் சொல்லிவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். பச்சை மீன் சாப்பிட்டாரா, இல்லை கையில் காயம் ஏதாவது பட்டுக் கடல்தண்ணீர் பட்டதா? இரண்டில் ஒன்று இல்லாமல் இது வராது.

"காயம் எதுவுமே இல்ல சார். சேத்துப் பக்கமே அவர் வரமாட்டாரு" என்றாள் ஜொம்ரே. பொய் சொல்லவில்லை. ஊசி குத்துவது வைத்தியம். வைத்தியத்தைக் காயம் என்று எங்கள் ஊரில் யார் சொல்வார்கள்? அந்த எண்ணமே அவளுக்கு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்க தின்னீங்க?"

பண்டோங் கண்ணைத் தாழ்த்தினார். தன் இடது கையைப் பார்த்தார். வீங்கிப்போன கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பண்டிகை அவசரத்தில் தலை குளிக்காதவள், காதோரத்து முடியில் முந்தின நாள் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"படகுத்துறையில, சாங்பே கடையில" என்றார். "நாலு துண்டு. திங்கக்கிழமை."

"வாக்குக் குடுத்தீங்களே."

"கோவிச்சுக்காத ஹேரன் அம்மா. ருசியாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் பேசியதை மகள் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு துண்டு மீனுக்கு உயிரை விற்றவன் என்றாள், பதினோரு வருஷம் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாய் என்றாள், இன்னும் எத்தனை தரம் தின்றாய் என்று அத்தனை நோயாளிகள் நடுவில் நின்று கத்தினாள். பண்டோங் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கையை வெட்டி எடுக்க வேண்டும் என்று தள்ளுவண்டியில் கொண்டுபோனபோதும் அவள் எழுந்து வரவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். நஞ்சு அதற்கு முன்பே மார்புக்குப் போய்விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, ஒரு வார்த்தையும் பேசாமல் பண்டோங் போய்ச்சேர்ந்தார்.

சாங்பே படகுத்துறையில் மீனைச் சுட்டும் பச்சையாக அரிந்தும் விற்பவர், பண்டோங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஜொனோ மீன் கொழுக்கும் காலம் அது. அந்த மீன் சுடும் வாசனைக்கு வீட்டைவிட்டு ஓடிப்போன மருமகளும் திரும்பி வருவாள் என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. அந்த இரண்டு மாத வியாபாரம்தான் அவருக்கு வருஷச் சோறு. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜொம்ரே அங்கே போய் உயிர்மீன் கிடந்த தொட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். மீன்கள் சிமெண்டுத் தரையில் துள்ளிக்கொண்டு கிடந்தன.

"அண்ணி, நான் குடுக்கல" என்றார் சாங்பே. "அண்ணன் தினமும் வருவாரு. அடுப்புக்கு எதிர்க்காத்துல நின்னு வாசன பிடிச்சிட்டுப் போவாரு. ஒரு துண்டு கேட்டதில்ல. நான் குடுப்பேனா?"

செத்தவனே சொல்லிவிட்டுச் செத்தான், அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? யாரும் நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள், கடையை மூடச் சொன்னார்கள். பிறகு கிருமி இல்லை, திறந்துகொள்ளலாம் என்று தாள் வந்தது. அதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தும் ஒரு ஈ காக்கை வரவில்லை. சாங்பேயின் பெண்டாட்டி பொட்டலம் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். மீன் சுடும் வாசனைக்கு அவள் திரும்பி வரவும் இல்லை, சுடுவதற்கு அங்கே மீனும் இல்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குக் கோயிலில் ஜொம்ரே காய்கறியும் சோறும் மட்டும் வைத்தாள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அம்மா என்று மகள் முணுமுணுத்தாள். அவருக்குப் பிடித்ததை அவர் உயிரோடு இருக்கும்போதே தின்றுவிட்டார் என்றாள் ஜொம்ரே.

அன்று மத்தியானம் டாக்டர் தக் வந்தாள். சடங்கு நாள் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். ஏழு வாரமாக வேலைக்கு வராததைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஜொம்ரே நினைத்தாள். இனிமேல் என்னால் அந்தச் சேற்றைப் பார்க்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். டாக்டர் தக் பையைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்து விரித்தாள். கோடு கோடாக இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆஸ்பத்திரி தனக்கு அனுப்பிய ரத்தத்தின் கிருமி இது, இருபதாவது நோயாளி என்றாள். இன்னொன்று உறைபெட்டியில் இருந்தது. இரண்டிலும் ஒரு கோடுகூடப் பிசகவில்லை, மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன் என்றாள்.

"உங்களுக்கு வேண்டியது கிடைச்சிருச்சு" என்றாள் ஜொம்ரே. குரலில் சந்தோஷமும் இல்லை, வன்மமும் இல்லை. "சாங்பே தொட்டித் தண்ணியா?"

"இல்ல அம்மா. சாங்பே மீன் தீவுக்கு அந்தப் பக்கம், வெளிக்கடல்ல பிடிக்கிறது. அது இல்ல." டாக்டர் தக் தாளின் அடியில் இருந்த சின்ன எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "மூணாவது ஓடை, சேறு. பண்டிகைக்கு முந்தின செவ்வாய். நீங்க எடுத்தது."

ஜொம்ரே அதைப் படித்தாள். தேதியும் நேரமும் அவள் கையெழுத்தின் நகல். இருபத்தாறரை என்று சூடும் எழுதியிருந்தது.

அன்றைக்கு அவர் சேற்றில் இறங்கினாரா என்று டாக்டர் தக் கேட்டாள். இல்லை. உங்கள் பெட்டியை, பாட்டிலை, பலகையைத் தொட்டாரா? தொடவில்லை. திங்கட்கிழமை தின்றதாகத்தானே சொன்னார், இந்தச் சேறு செவ்வாய்க்கிழமை எடுத்ததாயிற்றே? ஜொம்ரேக்கு எரிச்சல் வந்தது. இந்தப் பொம்பளைக்குத் தாளில் இருப்பதுதான் உண்மை, செத்தவர் சொன்னது பொய்யா என்று நினைத்தாள்.

"அன்னிக்குக் கரையேறினதுல இருந்து என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணா, ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றாள் டாக்டர் தக்.

ஜொம்ரே சொன்னாள். வீட்டுக்கு வந்தேன், பெட்டியைக் கீழே வைத்தேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், உட்கார்ந்தேன், முதுகைத் தட்டினேன். சொல்லும்போது அவள் கையும் கூடவே செய்துகாட்டியது, பழக்கதோஷம். தோளிலிருந்து கீழே தேய்த்தேன், நூலைச் சுற்றினேன், ஊசியை எடுத்து இப்படி…

கை தலைமுடிக்குள் போய் நின்றது. அங்கிருந்து இறங்கவில்லை.

 டாக்டர் தக்கின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. எத்தனையோ முறை வரைந்து வரைந்து பார்த்த ஆராய்ச்சிப் படத்தில் விடுபட்டிருந்த கோடு இதுதான் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது. இதற்காகவா ஒன்பது வருஷம் காத்திருந்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"அப்ப அவர் தின்னவே இல்ல" என்றாள் ஜொம்ரே.

"இல்ல அம்மா."

"ஒரு துண்டுகூட."

"இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். அவசரப் பிரிவின் அந்த வெளிச்சத்தில் தன் விரலையும் அவள் முடியையும் மாறிமாறிப் பார்த்த பண்டோங்கின் கண்கள் அவள் முன்னால் வந்து நின்றன. ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை அவர் கையிலேயே இருந்தது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? பார்த்தார், புரிந்துகொண்டார், மறைத்துவிட்டார். ருசியாக இருந்தது என்று வேறு சொன்னார். நாயைத் திட்டுவதுபோல அவள் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருஷம் வாயைக் காத்தவள் விரல் வழியாக எமனை உள்ளே விட்டாள். வேலியே பயிரை மேய்ந்தது, பயிர் வேலியைக் காட்டிக்கொடுக்காமல் போய்ச்சேர்ந்தது.

டாக்டர் தக் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் உங்களுக்கு ஸ்பிரிட் குடுத்தேன். போறதுக்கு முன்னாடி துடைங்கன்னு சொன்னேன். சேறு கெட்டுப்போயிடக் கூடாதுன்னு பார்த்தேன். வந்தப்புறம் துடைங்கன்னு ஒன்பது வருஷத்துல ஒரு தரம் சொல்லல" என்றாள். அந்தத் தாளை ஆராய்ச்சிக் கட்டுரையில் போட மனசு வரவில்லை, போடாமல் விட்டுவிடட்டுமா என்றும் கேட்டாள். ஜொம்ரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, போடுங்கள் என்றாள். ஊசியையும் சேர்த்துப் போடுங்கள் என்றாள்.

டாக்டர் தக் போனபிறகு அவள் படகுத்துறைக்கு நடந்தாள். நவம்பர் இரண்டாம் வாரம், காற்றில் இன்னும் குளிர் ஏறவில்லை. துறையில் வலை பிரித்துக்கொண்டும் மட்டி அலசிக்கொண்டும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சாங்பே காலித் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்து ஓரடி பின்வாங்கினார். ஜொம்ரே அவர் முன்னால் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் பச்சை மீன் தின்னவில்லை. ஓடைச் சேறு படிந்த என் தலையில் ஊசியைத் தேய்த்து நான்தான் அவர் விரலில் குத்தினேன். என்னைக் காப்பாற்றத்தான் உங்கள் பெயரைச் சொன்னார்.

 மட்டி அலசிய பெண்கள் தங்கள் கைகளை ஓடைத் தண்ணீரிலிருந்து மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பண்டிகையில் அவர்களிலும் எத்தனை பேர் யார் யார் விரலில் குத்தினார்களோ. ஒவ்வொருத்தியும் வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

சாங்பே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுந்திருங்க அண்ணி. கடை வாசல்ல நின்னு அவர் மூக்கால வாசன உறிஞ்சினதை நினைச்சாத்தான் எனக்கு…" என்று கையை நீட்டி அவளை எழுப்பினார்.

"ஜொனோ இருக்கா?" என்று கேட்டாள் ஜொம்ரே.

காலையில் தனக்காகப் பிடித்தது நாலு கிடக்கிறது என்றார். சுடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பச்சையாகவே வெட்டுங்கள் என்றாள். சாங்பே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். பிறகு செதிலைச் சுரண்டி, எலும்போடு மெல்லிசாக அரிந்து, தட்டு நிறைய அடுக்கி, மிளகாய் விழுதும் பூண்டும் தனியாக வைத்துக் கொடுத்தார்.

கல்லறை மேட்டில் புல் இன்னும் பிடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் விரிகுடா முழுக்கத் தெரியும். நீர் வற்றிக்கொண்டிருந்தது, மூன்றாம் ஓடை சேற்றுக்கு நடுவில் கறுத்து நெளிந்து கிடந்தது. இன்னும் சில வாரத்தில் அது குளிர்ந்துவிடும். உள்ளே இருப்பது தூங்கிப்போகும், சாகாது. ஜொம்ரே தட்டைப் பிரித்து வைத்தாள், சோஜுவை ஊற்றினாள், சாப்பிடும் குச்சிகளைத் தட்டின்மேல் வைத்தாள். கும்பிடக் குனிந்தபோது முடி முன்னால் விழுந்தது. அதைத் தொடப் போன கையை நிறுத்திக்கொண்டாள்.

"பயப்படாம தின்னுங்க" என்றாள். "இனிமே நான் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே திரும்பி, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.